முன்னும் பின்னும் இல்லாத புத்தகம்

"கொண்டா தாயி, பிள்ளையை இங்க கொடு" என்று கத்தரிப்பூ நிறச் சேலைக்காரி இரண்டு கையையும் நீட்டியதும் முத்துப்பேச்சி கொடுத்துவிட்டாள். யோசிக்கவில்லை. இதற்கெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. நிற்கவே இடமில்லாத டவுன் பஸ்ஸில் நிற்கிறவள் கையில் பிள்ளை இருந்தால் உட்கார்ந்திருக்கிறவள் கேட்டு வாங்கிக்கொள்வாள், தோளில் தொங்கும் பையையும் சேர்த்து வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், பேர் என்ன ஊர் என்ன என்று கேட்கமாட்டாள், இறங்குகிற இடம் வந்தால் திருப்பிக் கொடுப்பாள். அவ்வளவுதான். முத்துப்பேச்சியும் கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ பிள்ளைகளை இப்படி மடியில் வைத்து வந்திருக்கிறாள், ஒன்றின் முகம்கூட இப்போது ஞாபகம் இல்லை. தாரணி அழவில்லை. நாலாம் மாசம் நடக்கிற பிள்ளை, ராத்திரி பூரா அழுகிற பிள்ளை, முன்பின் தெரியாத மடியில் போய்ச் சேலைக் கரையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. சிவகாசியை விட்டு பஸ் வெளியே வந்துவிட்டது, திருவில்லிபுத்தூர் ரோட்டில் வெயில் ஜன்னல் வழியாக விட்டுவிட்டு அடித்தது. முத்துப்பேச்சிக்கு முதலில் தெரிந்தது கை லேசானதுதான். தண்ணீர்க் குடத்தை ரொம்ப நேரம் சுமந்துவிட்டு இறக்கினால் கை தானாக மேலே போகுமே, அப்படித் தோளிலிருந்து விரல்வரை ஏதோ ஒன்று எழும்பியது. இன்னொரு தரம் எழும்பியது. நல்லா இருக்கு என்று மனசு சொன்னது. எவ்வளவு நல்லா இருக்கு. முன்பு வேலையில் படித்த ஒரு புத்தகத் தாளில், சுமையை இறக்கு, ஒட்டகம் தாங்காது என்று ஓர் ஆள் கத்தினான், பாத்திரங்களை எறிந்தார்கள், பெட்டியை எறிந்தார்கள், கடைசியில் படுக்கைகளையும் மணலில் போட்டுவிட்டு நடந்தார்கள், அதற்குப் பிறகு ஒட்டகம் எப்படி நடந்தது என்று அந்தப் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தது, கால் மணலில் புதையாமல் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நடந்ததாம். நான் ஒட்டகமா, என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். பைண்டிங் வேலைக்கு வந்தபோது ஆறாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளை அவள், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டாள், கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அதனால் மூலையில் தரையில் உட்கார வைத்து மடிக்கச் சொன்னார்கள். பெரிய தாளில் இந்தப் புறம் எட்டுப் பக்கம், அந்தப் புறம் எட்டுப் பக்கம், தலைகீழும் நேருமாக அச்சடித்து வரும். மூன்று மடிப்பு மடித்து மூங்கில் சில்லால் அழுத்தித் தேய்த்தால் பக்கமெல்லாம் வரிசைக்கு வந்துவிடும், அதுதான் ஒரு ஃபாரம். ஒரு புத்தகத்துக்குப் பத்துப் பதினைந்து ஃபாரம் இருக்கும், ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். முதல் ஃபாரத்தில் அழுக்குப் படக்கூடாது என்று கை சுத்தமான மூத்த பொம்பளைகளுக்குப் போகும். கடைசி ஃபாரம் சில நேரம் பாதித் தாளாக வரும், அது ஜெயக்கொடி அக்காவுக்கு. முத்துப்பேச்சிக்கு எப்போதும் நடுவில் ஒன்று. ஒரே ஃபாரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும், ஒரு தாளைப் பிரட்டி மடிப்பதற்குள் ஒரு வரிதான் கண்ணில் விழும், அடுத்த தாளிலும் அதே பக்கம்தான், அதில் அடுத்த வரி. இப்படியே போனால் சாப்பாட்டு மணிக்குள் ஒரு பக்கம் முடியும். அவளுக்குப் புத்தகம் என்றால் அவ்வளவு மெதுவாகப் போகிற ஒன்று. ஒட்டகம் பின்னங்காலை ஊன்றி எழுந்திருப்பதற்கே ஒரு பாதிக் காலை ஆகும். சோதிடப் புத்தகம் வந்தது, சமையல் புத்தகம் வந்தது, பரீட்சைக் கேள்விப் புத்தகம் வந்தது, எதையும் அவள் படிக்கவில்லை. யாரோ பட்டணத்துப் பதிப்பகத்தார் ஊர் ஊராக நடந்தும் சைக்கிள் மிதித்தும் போனவர்கள் எழுதினதைத் தமிழில் வரிசையாகப் போட ஆரம்பித்தார்கள், அந்தத் தாள் வந்த நாளில்தான் படிக்க ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஆள்கள் யாரிடமும் அதிகம் பேசவில்லை, அது பிடித்திருக்கலாம். நாள் பூரா நடந்தார்கள். சாயங்காலம் காலைப் பார்த்தார்கள், கொப்புளத்தைக் குத்தினார்கள், தூங்கினார்கள்.

"உள்ள போங்கம்மா, உள்ள போங்க, நடுவுல அம்புட்டு இடம் கிடக்கு" என்று கண்டக்டர் கத்த, கூட்டம் அவளை இடித்து ஒரு சீட்டு தள்ளிவிட்டது. இப்போது தாரணியின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. போகட்டும். அவள் முதுகை ஒரு வாழைத்தார்க்காரி முழங்கையால் குத்திக்கொண்டிருந்தாள். பைண்டிங்கில் மை பரவிய தாள், நிறம் தள்ளிப்போன தாள், ஓரம் கிழிந்த தாள் எல்லாம் மூலையில் கிடக்கும், எடைக்குத்தான் போகும், அதிலிருந்து ஒவ்வொன்றாக அவள் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் மடித்து வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்பதற்குத்தான் வாய் வரவில்லை. சேர்ந்ததைக் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி ஒரு புத்தகமாக ஆக்கிக்கொண்டாள். அதில் முதல் பக்கமே நாற்பத்தொன்பதாம் பக்கம். மணலில் தண்ணீர் தீர்ந்து நாக்கு வீங்கி ஒருத்தன் கிடப்பான், பக்கத்தைத் திருப்பினால் பாத்திரத்தில் பனியைப் போட்டு உருக்கிக்கொண்டிருப்பான். ஒருவழியாக மலைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள், தண்ணீர் கிடைத்துவிட்டது என்று அவளுக்குக் கண் கலங்கியது. ஒட்டகம் எங்கே என்று தேடினாள். ஒன்றைக் கொன்று தின்றதாக முன்னால் இருந்ததல்லவா, மிச்சத்தையும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சைக்கிள் வந்தது. எங்கேயாவது வாங்கியிருப்பார்கள். ஒரு நாள் டீ நேரத்தில் ஜெயக்கொடி அக்கா அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டாள். "அடி கிறுக்கி, மூணு புத்தகத்தை ஒண்ணாத் தச்சு வச்சிருக்கியே. இவன் வேற, அவன் வேற. மணல்ல கிடந்தவன் எப்பிடிடி பனியில எந்திரிப்பான், என் வீட்டுக்காரரா அவரு, எங்க விழுந்தாலும் விடிஞ்சா நம்ம வாசல்ல எந்திரிக்க?" எல்லாரும் சிரித்தார்கள், முத்துப்பேச்சியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அன்றைக்குப் பூரா காது சுட்டது. ஆனாலும் பிரித்துத் தைக்கவில்லை. வேறு வேறு ஆள் என்று தெரிந்த பிறகும் அவளுக்கு அது ஒரே ஆள்தான். எங்கிருந்து கிளம்பினான் என்று தெரியாது, வீட்டில் யார் இருக்கிறார்கள் தெரியாது, எங்கே போய்ச் சேர்ந்தான் தெரியாது. போய்க்கொண்டே இருப்பான். கடைசி ஃபாரத்தை மடித்தவள் ஜெயக்கொடி அக்கா, திரும்பி வந்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்போது கேட்டிருந்தால் இப்போது தெரிந்திருக்கும். இப்போதுதான் தெரிய வேண்டியிருக்கிறது. பனியில் போனவர்களில் ஒருத்தனுக்குக் கால் கறுத்துவிட்டது, அவனைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்தார்கள், இழுக்க இழுக்க மற்றவர்களுக்கும் தெம்பு போனது, பேச்சு நின்றது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது நின்றது. அப்புறம் அந்த இடம் வரும். அவனைக் கூடாரத்தில் படுக்கவைத்து, பக்கத்தில் விளக்கையும் இருந்த ரொட்டியில் பாதியையும் வைத்தோம், அவன் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும், என்று இருக்கும், அங்கே ஃபாரம் முடிந்துபோகும். நாங்களும் என்ன? பார்க்கவில்லையா, அழுதோமா, திரும்பி வந்தோமா? அவள் தைத்த புத்தகத்தில் அதற்கு அடுத்த வரி காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினேன் என்று ஆரம்பிக்கும். கல்யாணம் ஆன புதிதில் அதைப் படித்தபோது சே என்றிருந்தது. பிள்ளை பிறந்து வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்த இடம் தானாக வர ஆரம்பித்தது. பால் கொடுக்கும்போது வந்தது. துணி அலசும்போது வந்தது. தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் பிள்ளையைத் தோளில் போட்டு நிற்கும்போது, இந்தக் கையை இப்படிக் கொஞ்சம் தளர்த்தினால் என்று வேறு யாரோ காதுக்குள் சொல்கிற மாதிரி வந்தது, அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள், கதவுக்கு உள்ளே தானும் பிள்ளையும் மட்டும் இருப்பதைப் பார்த்துத் திரும்பவும் திறந்து வைத்தாள். அருவாமனையை எடுத்துப் பரண்மேல் போட்டாள். எதுக்கு என்று புருசன் அழகுராஜ் கேட்டான், எலி என்றாள். எலிக்கும் அருவாமனைக்கும் என்ன என்று அவன் கேட்கவில்லை, ரெண்டு ஷிப்டு மிஷின் ஓட்டிவிட்டு வருகிறவன், நல்லவன்தான், அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், பிள்ளை வீறிட்டால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய் நிற்பான். ஒரு நாள் வாயைத் திறந்தே விட்டாள். எனக்குப் பயமா இருக்கு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "எதுக்குப் பயம்? வீட்லதான இருக்க?" அது சரிதானே என்று அவளுக்கே பட்டது. பயப்படுகிறவர்களுக்கு மணல் இருந்தது, பனி இருந்தது, கால் கறுத்தது, தண்ணீர் இல்லை. அவளுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. போன தடவை ஊசி போட வந்தபோது நர்ஸம்மா நல்லபடியாகத்தான் கேட்டார்கள், பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, வெளிக்குப் போகிறதா. எல்லாம் பிள்ளையைப் பற்றியே இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது, கூட்டம் மொத்தமும் அவள்மேல் விழுந்து எழுந்தது, எழுந்தபோது அவள் முன்படிக்குப் பக்கத்தில் இருந்தாள். கம்பி கையில் சுட்டது. காற்று முகத்தில் அடித்தது, இவ்வளவு காற்று எப்போது கடைசியாக அடித்தது? ஊசி போடும் ஆஸ்பத்திரிக்கு ரோடு பிரிகிற விலக்கு இன்னும் வரவில்லை, கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்லும்போது குரல் எழும்பாமல் அவர் இரண்டு தரம் கேட்டு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தது உள்ளங்கையில் கசங்கிக் கிடந்தது. திரும்பிப் பார்த்தாள். தாரணி தெரியவில்லை, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தோள் தெரிந்தது, அந்தத் தோள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, தட்டிக் கொடுக்கிறாள். நன்றாகத் தட்டிக் கொடுக்கிறாள். மடி அகலமான மடி. நாலைந்து பிள்ளையைப் பார்த்த கை, பிள்ளைக்கு அந்தக் கை தெரிந்திருக்கிறது, அதனால்தான் அழவில்லை, என் கைதான் அதுக்குப் பயம், என் கையில் என்ன இருக்கிறது என்று அதுக்குத் தெரிந்துவிட்டது, நாலு மாசத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது நாலு பேருக்குத் தெரியவில்லை. பையில் துணி இருக்கிறது. தொப்பி இருக்கிறது. ஊசி அட்டை இருக்கிறது, அதில் பேர் இருக்கிறது. விளக்கும் ரொட்டியும். சீ. இதை யார் நினைக்கிறது? நான் நினைக்கவில்லை, நான் பஸ்ஸில் நிற்கிறேன், என் பேர் முத்துப்பேச்சி, பிள்ளைக்கு ஊசி போடப் போகிறேன், பஸ் நிற்கிறது. ஏதோ ஒரு வெடி ஆபீஸ், பட்டாசுக் கம்பெனி விலக்கு. இறங்குகிறவர்கள் நெட்டித் தள்ளினார்கள், வாழைத்தார்க்காரி தாரோடு வந்தாள், வழி விடும்மா வழி விடு என்றாள். படியில் நிற்கிறவர்கள் கீழே இறங்கி வழி விட்டுவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்வது வழக்கம்தான். முத்துப்பேச்சி இறங்கி நின்றாள். வாழைத்தார் போனது. இரண்டு பையன்கள் போனார்கள். ஒரு கிழவர் கம்பை ஊன்றி நிதானமாக இறங்கினார். இப்போது ஏற வேண்டும். கம்பி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விசில் அடித்தது. கம்பி முதலில் மெதுவாக நகர்ந்தது, அப்புறம் அவளுக்கு எதிரே வெறும் ரோடு இருந்தது.

இறங்கியவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கருவேல மரங்களுக்கு அப்பால் தகரக் கொட்டகைகள் தள்ளித் தள்ளி நின்றன, அதற்கும் பின்னால் மலை நீலமாகக் கிடந்தது. இந்த மலையை இவ்வளவு முழுசாக அவள் பார்த்ததில்லை. நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? நடக்கலாம். கையில் ஒன்றுமில்லை. இரண்டு கையையும் முன்னால் பிடித்துப் பார்த்தாள், தாள் அறுத்த கோடுகள் ஆறி வெள்ளையாக இருந்தன, விரலெல்லாம் இருக்கிறது, பழைய கை, கல்யாணத்துக்கு முன்னால் இருந்த கை. பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஓட வேண்டும் என்று கால் நினைக்கவில்லை. ஐயோ என்று வாய் சொல்லவில்லை. இத்தனை மாசமாகக் கதவுக்குப் பின்னாலும் டிரம்முக்குப் பக்கத்திலும் நின்றுகொண்டிருந்த பயம், இப்போது வரவேண்டிய நேரத்தில், எங்கேயோ போய்விட்டது, பஸ்ஸோடு போய்விட்டது போல, பிள்ளையோடு அதுவும் அந்த அகலமான மடியில் போய் உட்கார்ந்துகொண்டது போல. தொண்டை காய்ந்திருந்தது. நாக்கு வீங்கினால் எப்படி இருக்கும் என்று நாக்கைப் பல்லில் அழுத்திப் பார்த்தாள். இப்படித்தானா இருந்தது அவர்களுக்கும்? விட்டுவிட்டு நடந்தவர்களுக்கு முதல் அடியில் இப்படித்தான் நல்லா இருந்ததா, அதனால்தான் அதை எழுதின ஆள் நிறுத்தி நிறுத்தி எழுதினானா? எழுதினான் என்றால் எங்கேயோ போய்ச் சேர்ந்து, ஒரு மேசையில் உட்கார்ந்து, பேனாவைத் தொட்டுத்தானே எழுதினான். இத்தனை வருசத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. போய்க்கொண்டே இருந்தவன் எழுதியிருக்க முடியாது. சோறு தின்று, தூங்கி எழுந்து, அந்த விளக்கையும் ரொட்டியையும் தினமும் நினைத்துக்கொண்டு ஒரு வீட்டில் இருந்திருக்கிறான். இதை நினைத்ததும் வெயிலில் நிற்கும்போதே அவளுக்குப் பல் கிட்டியது. மலையைப் பார்த்தாள், அது முன்பு போலவே கிடந்தது. கை மட்டும் தானாக மடங்கி, பிள்ளை இருக்கிற மாதிரி நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது, அதில் ஒன்றும் இல்லை.

தூரத்தில் பஸ் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. ஜன்னல் எல்லாவற்றிலும் தலை, எல்லாத் தலையும் அவள் பக்கம். கண்டக்டர் இறங்கி ரோட்டில் நின்று கையை வீசிக் கூப்பிட்டார். அவள் நடந்தாள். ஓடவில்லை, ஓட வரவில்லை. பக்கத்தில் போகப் போகச் சத்தம் கேட்டது, பொம்பளைகள் கண்டக்டரை வாங்குவாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைக்காரி ஏறினாளா என்று பார்க்காமல் விசில் அடிக்கிறதா, உன் பொண்டாட்டியாக இருந்தால் இப்படி விடுவாயா, ஓசி டிக்கெட் என்றால் ஆளைக்கூட எண்ண மாட்டாயா. அவர் நான் என்னம்மா செய்ய, கூட்டத்தில் தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். படியில் ஒருத்தி கையைப் பிடித்து ஏற்றினாள். ஒருத்தி பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். பாவம், பச்சை உடம்புக்காரி, ரோட்டிலேயே மரம் மாதிரி நின்றுவிட்டது, வாயில்லாப் பிள்ளை, கத்தவும் தெரியவில்லை என்று அவளுக்காக ஆளாளுக்குப் பேசினார்கள். அவள் வாயைத் திறக்கவே தேவையில்லை, எல்லாவற்றையும் அவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள், தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், வீடுவரைக்கும் போய்விடலாம், நாளைக்கும் அதே டிரம், அதே கதவு. கத்தரிப்பூச் சேலைக்காரி சன்னல் பக்கம் ஒதுங்கி, தன் பக்கத்தில் இருந்த பொண்ணை எழுப்பிவிட்டு முத்துப்பேச்சியை உட்கார வைத்தாள். பிள்ளை தூங்கியிருந்தது. "பயந்துட்டியா தாயி? நான் கெட்டியாப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன். இந்தா, வாங்கிக்க" என்று தூக்கி நீட்டினாள். பஸ் கிளம்பிய சத்தத்தில் மற்றவர்கள் பேச்சு அமுங்கியது. முத்துப்பேச்சி கையை நீட்டவில்லை.

"தவறி இறங்கலக்கா" என்றாள்.

என்ன என்று அந்த அம்மா குனிந்தாள்.

"நானாத்தான் ஏறாம நின்னேன். உங்ககிட்டயே விட்டுட்டுப் போயிரலாம்னு. வீட்லயும் என்னென்னமோ தோணுதுக்கா. பிள்ளைகூட நான் தனியா இருக்கக் கூடாது."

சொல்லும்போது குரல் டிக்கெட் கேட்டதைவிடத் தெளிவாக வந்தது, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நீட்டிய பிள்ளை நீட்டியபடி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்த அம்மா அதை மெதுவாகத் தன் மடிக்கே திருப்பி வைத்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள். முன் சீட்டில் இருந்தவள் என்ன சொல்லுது பிள்ளை என்று திரும்பிக் கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, வெயிலு, என்றாள். கூட யாரும் வந்திருக்காகளா என்று மெல்லக் கேட்டாள். இல்லை. ஆஸ்பத்திரியில் யாரிடமாவது இதைச் சொன்னாயா? இல்லை. அவள் கண்ணில் பயம் வந்து உட்கார்ந்ததை முத்துப்பேச்சி பார்த்தாள். இப்போது எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்வாள், இப்போது கண்டக்டரைக் கூப்பிடுவாள், போலீஸ் என்பாள். சொல்லட்டும். அந்த அம்மா யாரையும் கூப்பிடவில்லை. ஒரு கையால் பிள்ளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் முத்துப்பேச்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல பிடி. கட்டை விரல் எலும்பில் பதிந்தது. உன்கூட நானும் இறங்குறேன், நர்ஸம்மாட்ட இதையே அப்படியே சொல்லணும், முழுங்கக்கூடாது என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சொன்னாள். பஸ் குழியில் இறங்கி ஏறியது, பிடி இன்னும் இறுகியது, கண்ணாடி வளையல் ஒன்று நெரிந்து இரண்டாக மடியில் விழுந்தது, கீறின இடத்தில் சிவப்பாகக் கோடு வந்தது. அந்த அம்மா விடவில்லை. முத்துப்பேச்சியும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.